ஊசி குத்திட்டா, ரத்தம் கண்ணுல தெறிச்சுட்டா என்ன செய்யணும்: நம்ம நெல்லைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

இப்பத்தான் ஊசி குத்திச்சு, கை நடுங்குது, போன்ல தேடி இதுக்கு வந்திருக்கியன்னா மேல படிக்காதீங்க. குத்துன எடத்த ஓடுற தண்ணியில சோப்பு போட்டு கழுவிட்டு டியூட்டி டாக்டர்கிட்ட போயி சொல்லிட்டு வாங்க. மிச்சத்த அப்புறமா படிச்சுக்கலாம்.

மத்தவங்களுக்கு கொஞ்சம் வெவரமாவே சொல்லுதேன். நானும் வார்டுல நிக்கவதான். ஸ்டாப் நர்ஸ், லேப் டெக்னீசியன், டயாலிசிஸ்ல இருக்கவங்க, பல் ஆஸ்பத்திரியில உதவிக்கு நிக்க பிள்ளைக, 108 வண்டியில போறவங்க, எல்லாத்துக்கும் மேல குப்ப அள்ளுத அக்காமாரு, இவங்க எல்லாருக்கும் உள்ளுக்குள்ள ஒரே பயம்தான், குத்துன ஊசி வழியா எச்.ஐ.வியோ, ஈரலத் தாக்குத ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸோ தொத்திருமோன்னு, ஆனா வாய விட்டு யாரும் சொல்லுததில்ல. அம்மா பீடி சுத்தி படிக்க வச்ச பிள்ளைக முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துல இருந்து நர்சிங் படிக்க வருதாவ, மொத மாசமே ஊசி குத்திருச்சுன்னா வீட்ல சொல்லவும் பயம், காலேஜ்ல சொல்லவும் பயம். இந்த விஷயத்துல வைரஸ விட ஆபத்து அந்த மறைக்கிற பழக்கம்தான், ஏன்னா தடுக்க மருந்து இருக்கு, ஆனா அது மணிக்கணக்கு பாத்து சீக்கிரமா ஆரம்பிச்சாத்தான் வேல செய்யும்.

மொத பத்து நிமிஷம்

கையில குத்திட்டா கிளவுஸ கழட்டிட்டு சாதாரண சோப்பு, ஓடுற தண்ணி, அவ்வளவுதான். பிதுக்கக்கூடாது. எல்லாரும் செய்யுத மொத வேலயே அதுதான், விரல அழுத்திப் பிதுக்கி ரத்தத்த வெளியேத்துதது. அதுல எந்தப் பிரயோசனமும் இருக்கதா நிரூபணம் கெடையாது, அந்த எடத்துல இருக்க சதைய இன்னும் புண்ணாக்குததுதான் மிச்சம். தானா வர்ற ரத்தம் வரட்டும். விரல வாயில வச்சு உறிஞ்சுத பழக்கம் நெறைய பேருக்கு கை அனிச்சையா வந்துரும், அதக் கண்டிப்பா செய்யக்கூடாது. பிளீச்சிங், ஸ்பிரிட்டு, டெட்டால் எதுவும் ஊத்த வேண்டாம், மஞ்சள் சுண்ணாம்பும் வேண்டாம்.

கண்ணுல தெறிச்சுட்டா தனியா வாஷ்பேசின்ல குனிஞ்சு நின்னு கஷ்டப்படாதீங்க. ஒரு நாற்காலியில உக்காந்து தலைய பின்னால சாச்சுக்கோங்க, கூட வேல பாக்கவங்கள ஒரு நார்மல் சலைன் பாட்டில ஒடச்சு பைய ஊத்தச் சொல்லுங்க, மேல் இமையையும் கீழ் இமையையும் இழுத்து விட்டு உள்ள நல்லா கழுவுத மாதிரி ஒரு 10 நிமிஷமாவது. சலைன் கைக்கு எட்டலன்னா நல்ல தண்ணி போதும். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தா ஒடனே கழட்ட வேண்டாம், மொதல்ல அதோடயே கழுவிட்டு, அப்புறம் எடுத்து லென்ஸ சுத்தம் பண்ணிட்டு போட்டுக்கலாம். கண்ணுல சோப்பு வேண்டாம். வாயில பட்டா ஒடனே துப்பிட்டு தண்ணியால திரும்பத் திரும்ப கொப்பளிச்சு துப்பணும்.

அதே ஷிப்டுல சொல்லணும்

இதத்தான் நான் கெஞ்சிக் கேக்கேன். நைட் டியூட்டின்னு விடியுத வரைக்கும் வச்சுக்கிட்டு இருக்காதீங்க, நாளைக்கு ஞாயித்துக்கெழம திங்கக்கெழம பாத்துக்கலாம்னும் நெனைக்காதீங்க.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நடந்தத சொல்லுதேன், பேரு வேண்டாம். மருத்துவக் கழிவு போடுத செவப்புப் பையக் கட்டிக்கிட்டு இருந்த ஒரு அக்காவுக்கு பையக் கிழிச்சுக்கிட்டு வந்த ஊசி உள்ளங்கையில ஏறிருச்சு. செவப்புப் பையில ஊசி வரவே கூடாது, யாரோ போட்டுட்டுப் போயிருக்காவ. அந்த அக்கா சேலைத் தலப்ப கையில சுத்திக்கிட்டு பேசாம வேலையப் பாத்துக்கிட்டு இருந்தாவ. சேலையில செவப்பு ஊறிட்டு வாரதப் பாத்து என்னக்கா ஆச்சுன்னு கேட்டா, "ஒண்ணுமில்ல சிஸ்டர், சும்மா கீறிருச்சு"ன்னாவ. திரும்ப கேக்கவும்தான், "சூப்பர்வைசருக்கு தெரிஞ்சா நிப்பாட்டிருவாவளோ சிஸ்டர், நான் காண்ட்ராக்டுலா"ன்னு கண்ணு கலங்கிருச்சு. கைய விட நெஞ்செல்லாம் அந்தப் பயம்தான். அன்னைக்கு அவங்கள கையோட கூட்டிக்கிட்டுப் போயி, எழுதி வச்சு, ரத்தம் எடுத்து, மருந்தும் ஆரம்பிச்சாச்சு. அவங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி ஒரு டோஸ் கூட போடலங்கிறது அப்பத்தான் தெரிய வந்துச்சு.

அதனால சட்டம் என்ன சொல்லுதுன்னு எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. 2017ல வந்து 2018 செப்டம்பர் 10ல இருந்து நடைமுறையில இருக்க எச்.ஐ.வி எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்துல, ஆஸ்பத்திரின்னு இருந்தா வேல பாக்கவங்களுக்கு பாதுகாப்புச் சாமானும் பயிற்சியும் குடுக்கணும், இப்படி வேலையில ரத்தம் பட்டவங்களுக்கு தடுப்பு மருந்தும் குடுக்கணும்னு இருக்கு. பெர்மனென்டா காண்ட்ராக்டா, சின்ன கிளினிக்கா பெரிய ஆஸ்பத்திரியாங்கிற பேச்சே இல்ல. 2016 மருத்துவக் கழிவு விதிகள்லயும் கழிவு அள்ளுதவங்க உட்பட எல்லாருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடணும்னு எழுதியிருக்கு. கேக்கது நம்ம உரிமை, யார் தயவும் இல்ல.

சொல்லுதப்போ ரிஜிஸ்டர்ல எழுத வைக்கணும்: எத்தன மணிக்கு, என்ன ஊசி, எவ்வளவு ஆழம், ஊசியில ரத்தம் தெரிஞ்சுதா, கிளவுஸ் போட்டிருந்தியளா, எந்த நோயாளிக்குப் போட்டது. அதுல ஒரு ஜெராக்ஸ் ஒங்க கையிலயும் இருக்கட்டும். அன்னைக்கே ஒங்க ரத்தத்தையும் எடுத்து பாத்துரணும், எச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, சி மூணுக்கும். எனக்கு ஒண்ணும் இல்லியே என்னத்துக்குன்னு சிலபேரு கேப்பாவ. அன்னைக்கு நெகட்டிவ்னு பேப்பர் இருந்தாத்தான், பின்னால ஏதாவது வந்தா வேலையில வந்ததுன்னு காட்ட முடியும், இஎஸ்ஐயிலயோ நஷ்டஈட்டுலயோ கேக்கதுக்கும் அதுதான் ஆதாரம்.

நோயாளியோட ரத்தத்தையும் பாக்கணும், ஆனா அவங்க சம்மதத்தோட. குத்துப்பட்டவங்களே போயி கேக்க வேண்டாம், டாக்டரோ கவுன்சிலரோ பேசட்டும். "ஐயா, எங்க பிள்ளைக்கு ஒங்களுக்குப் போட்ட ஊசி தெரியாம குத்திருச்சு, ஒங்க ரத்தத்த ஒருக்கா பாத்துக்கிடட்டா"ன்னு பதமா கேட்டா நம்ம ஊரு ஆளுக முக்காவாசி சரிம்மான்னுதான் சொல்லுவாவ. தெரியாம எடுத்துப் பாக்கது தப்பு, ரிசல்ட்ட வார்டு பூரா பரப்புதது அத விட பெரிய தப்பு, ரெண்டுக்கும் சட்டத்துல எடம் இல்ல. குத்துன ஊசியையே டெஸ்ட்டுக்கு அனுப்பலாமான்னு சிலர் கேப்பாவ. அது வேண்டாம், அதுல வர்ற ரிசல்ட்ட நம்ப முடியாது, அந்த ஊசிய எடுத்துக்கிட்டு அலைஞ்சா இன்னொருத்தருக்கும் குத்தும்.

எது ஆபத்து, எது இல்ல

ரத்தம், ரத்தம் கலந்த எதுவும், முதுகுத்தண்டு நீர், நெஞ்சு வயிறுல இருந்து எடுக்குத நீர், பனிக்குடத் தண்ணி, விந்து, பெண்ணுறுப்பு சுரப்பு இதெல்லாம் கணக்குல வரும். வேர்வ, கண்ணீர், எச்சில், மூத்திரம், வாந்தி, மலம், இதுல ரத்தம் கலக்கலன்னா எச்.ஐ.விக்கு பயப்பட வேண்டாம். புண்ணே இல்லாத நல்ல தோல்ல ரத்தம் பட்டா கழுவிட்டு வேலையப் பாக்கலாம். வெடிப்பு, சிரங்கு, வெட்டுக்காயம் இருக்க தோல்ல பட்டா மட்டும் சொல்லணும்.

ஊசியிலயும் வித்தியாசம் இருக்கு. ரத்தம் எடுத்த, உள்ள ஓட்ட இருக்க ஊசி, அதுலயும் நரம்புல இருந்து அப்பத்தான் எடுத்தது, ஆழமா ஏறினது, கண்ணுக்கு ரத்தம் தெரிஞ்சது, இதெல்லாம் ஆபத்து கூட. தையல் ஊசி கிளவுஸ தாண்டி லேசா கீறினது கொறவு.

கணக்கு என்ன சொல்லுது

இதப் படிச்சா கொஞ்சம் மூச்சு வரும். எச்.ஐ.வி இருக்கது உறுதியான ஒருத்தரோட ரத்தம் பட்ட ஊசி குத்தி, மருந்தே சாப்பிடலன்னாலும், தொத்துறதுக்கு வாய்ப்பு சுமார் 0.3%. அதாவது 1000 பேருக்கு அப்படி குத்தினா 997 பேருக்கு ஒண்ணும் ஆகாது. கண்ணு, வாயில தெறிச்சா இன்னும் கொறவு, சுமார் 0.09%. மருந்தும் சேந்தா இன்னும் அடியில போயிரும். 1997ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, பழைய ஜிடோவுடின் மாத்திர ஒண்ண மட்டும் சாப்பிட்டவங்களுக்கே ஆபத்து 81% கொறஞ்சிருந்துச்சு, இப்ப இருக்கது அத விட நல்ல மருந்து. அமெரிக்காவுல 1985ல இருந்து 2013 வரைக்கும் வேலையில எச்.ஐ.வி வந்ததுன்னு உறுதியான ஆஸ்பத்திரி ஆளுக மொத்தமே 58 பேரு, அதுல 1999க்குப் பொறவு ஒரே ஒருத்தர், அவரும் லேபுல வைரஸ வளத்து வேல பாத்தவரு.

எல்லாரும் எச்.ஐ.விக்கே பயந்துக்கிட்டு இருக்காவ, ஆனா நெசமா பயப்பட வேண்டியது ஹெபடைட்டிஸ் பிக்குத்தான். தடுப்பூசி போடாதவங்களுக்கு, அந்த வைரஸ் இருக்கவங்க ஊசி குத்தினா, 6ல இருந்து 30% வரைக்கும் தொத்த வாய்ப்பு இருக்கு. அது காஞ்ச ரத்தத்துல கூட, மேசையிலயோ கத்தரிக்கோல்லயோ, 7 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். ஹெபடைட்டிஸ் சிக்கு முன்னால 1.8%ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாவ, பின்னால வந்த கணக்குல 0.2% அளவுதான்.

எச்.ஐ.வி தடுப்பு மருந்து: எங்க, எப்ப, எப்படி

மொத டோஸ் 2 மணி நேரத்துக்குள்ள போட்டா ரொம்ப நல்லது, எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ள. 72 தாண்டிட்டா பிரயோசனம் இருக்காது. நோயாளியோட ரிசல்ட் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கக் கூடாது, டாக்டர் ஆபத்து இருக்குன்னு நெனச்சா மொதல்ல ஒரு டோஸ போட்டுருவாங்க, அப்புறம் நோயாளிக்கு நெகட்டிவ்னு வந்தா நிப்பாட்டிக்கிடலாம். ஒரு டோஸ் சும்மா போனா ஒண்ணும் கெட்டுப் போயிராது.

மருந்து வைக்க வேண்டிய எடம் கேஷுவாலிட்டி, லேபர் வார்டு, ஐசியு, ஆபரேஷன் தியேட்டர்னு நாக்கோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) வழிகாட்டுதல்ல இருக்கு, 24 மணி நேரமும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில எச்.ஐ.விக்கு மருந்து குடுக்குத ஏஆர்டி சென்டரே இருக்கு, நைட்டுன்னா நேரா கேஷுவாலிட்டிக்குப் போங்க. அம்பை, வள்ளியூர், திசையன்விளை, களக்காடு பக்கத்துல சின்ன ஆஸ்பத்திரியில வேல பாக்கவங்க, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில இருக்க நம்பிக்கை மையத்துல (எச்.ஐ.வி டெஸ்ட்டும் ஆலோசனையும் குடுக்குத எடம்) பகல்ல ஒருக்கா போயி, நைட்டுல குத்துப்பட்டா எங்கன மருந்து கெடைக்கும்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க. குத்துன பொறவு ராத்திரி 2 மணிக்கு பஸ்ஸும் இல்லாம ஆளாளுக்கு போன் போட்டுக்கிட்டு நிக்கக் கூடாது. தென்காசி 2019ல தனி மாவட்டமாயிருச்சு, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் இருக்கவங்க தென்காசி தலைமை ஆஸ்பத்திரியில கேட்டு வச்சுக்கலாம். சந்தேகம்னா 1097, நாக்கோவோட இலவச நம்பர்.

இப்ப குடுக்குதது டிஎல்டின்னு ஒரே மாத்திர. டெனோபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம், மூணும் ஒண்ணுக்குள்ள இருக்கு. ஒரு நாளைக்கு ஒண்ணு, 28 நாள், சாப்பாட்டுக்கு முன்னாலயும் பின்னாலயும் சாப்பிடலாம், ஆனா ஒரே நேரத்துல சாப்பிடணும். கொமட்டல், தலவலி, தூக்கம் சரியா வராதது கொஞ்சம் பேருக்கு இருக்கும். பத்து நாள் சாப்பிட்டுட்டு கொமட்டுதுன்னு தானா நிப்பாட்டுதவங்க நெறைய பேரு இருக்காவ, அப்படிச் செய்யாதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா கொமட்டலுக்குத் தனியா மருந்து தருவாங்க.

இதுல முக்கியமான ஒண்ணு இருக்கு, நெறைய பேருக்கு யாரும் சொல்லுததில்ல. கால்சியம், இரும்புச்சத்து மாத்திர, அசிடிட்டிக்கு குடிக்க ஜெல்லு, இதெல்லாம் டோலுடெகிராவிர ஒடம்புல சேர விடாது. நம்ம சிஸ்டர்மாருல பாதிப் பேரு அயர்ன், கால்சியம் மாத்திர சாப்பிடுதவங்கதான். டிஎல்டி சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சோ, இல்ல 6 மணி நேரம் முன்னாலயோ அத சாப்பிட்டுக்கோங்க. சுகருக்கு மெட்பார்மின், காசநோய்க்கு ரிபாம்பிசின், வலிப்பு மாத்திர எது சாப்பிட்டாலும், கிட்னி பிரச்சன இருந்தாலும் மொத நாளே சொல்லிரணும். ஹெபடைட்டிஸ் பி ஏற்கனவே இருக்கவங்க இந்த மாத்திரய திடீர்னு நிப்பாட்டினா ஈரல் பாதிப்பு கெளம்பிரும், அதனாலயும்தான் அந்த மொத நாள் ரத்தப் பரிசோதனை. கர்ப்பமா இருக்கவங்க, பால் குடுக்கவங்க மறைக்காம சொல்லுங்க, கர்ப்பம்னு மருந்த மறுக்க வேண்டியதில்ல.

நோயாளி ஏற்கனவே ஏஆர்டி சாப்பிடுதவரா, வைரஸ் அளவு டெஸ்ட்டுல தெரியாத அளவுக்கு கொறஞ்சு இருக்கவரா இருந்தா ஆபத்து இன்னும் கொறவுதான். ஆனா அத வச்சு நீங்களே மருந்து வேண்டாம்னு முடிவெடுக்காதீங்க.

ஹெபடைட்டிஸ் பியும் சியும்

பி தடுப்பூசி மூணு டோஸ்: இன்னைக்கு, 1 மாசம், 6 மாசம். மூணாவது போட்டு 1ல இருந்து 2 மாசத்துக்குள்ள டைட்டர் (ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி எவ்வளவு வந்திருக்குங்கிற டெஸ்ட்) பாக்கணும், 10க்கு மேல இருந்தா பாதுகாப்பு வந்தாச்சு. ஒருக்கா 10க்கு மேல வந்ததுன்னு பேப்பர் இருந்தா, பின்னால குத்துப்பட்டாலும் பிக்கு எதுவும் செய்ய வேண்டாம், அப்ப டைட்டர் எறங்கியிருந்தாலும் ஒடம்புக்கு ஞாபகம் இருக்கும். 10 வரலன்னா திரும்ப ஒரு செட் போடணும். மூணு டோஸும் போட்டுட்டு டைட்டர் பாக்காம இருக்கவங்க நம்ம பக்கத்துல ரொம்ப அதிகம், அது எனக்கு மனசுக்கு ஒத்துக்கிடவே இல்ல, ஒரே ஒரு ரத்த டெஸ்ட்டுலா அது.

தடுப்பூசி போடாதவங்களுக்கு பி பாசிட்டிவ் ஊசி குத்திட்டா இம்யூனோகுளோபுலின் (வைரஸ எதிர்க்க ரெடியா இருக்க ஆன்டிபாடி) ஊசியும் தடுப்பூசியும் ரெண்டும் வேற வேற எடத்துல போடணும். 24 மணி நேரத்துக்குள்ளன்னா நல்லது, 7 நாள் வரைக்கும் போடலாம். அந்தக் குப்ப அள்ளுன அக்காவுக்கு தடுப்பூசி அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு.

சிக்கு தடுப்பூசியும் இல்ல, முன்னாலயே போடுத மருந்தும் இல்ல. 3ல இருந்து 6 வாரத்துல வைரஸயே தேடுத ஆர்என்ஏ டெஸ்ட், 4ல இருந்து 6 மாசத்துல ஆன்டிபாடி டெஸ்ட் பாத்துக்கணும். வந்துட்டாலும் இப்ப மாத்திரயிலயே, பெரும்பாலும் 12 வாரத்துல, 95%க்கு மேல குணமாகுது, 2018ல இருந்து தேசிய ஹெபடைட்டிஸ் திட்டத்துல இலவசமாவும் கெடைக்கு.

அந்த ஆறு மாசம்

எச்.ஐ.வி டெஸ்ட் மொத நாளு, 6 வாரம், 3 மாசம், 6 மாசம். காலண்டர்ல எழுதி வைங்க. அதுவரைக்கும் ரத்ததானம் வேண்டாம். வீட்டுக்காரர், வீட்டுக்காரம்மாகூட ஆணுறை போட்டுக்கணும், பிள்ள உண்டாக்குதத தள்ளிப் போடணும், பிளேடு, டூத்பிரஷ் பங்கு போடக்கூடாது. அத விட்டா வேற எந்தத் தடையும் கெடையாது. சமைக்கலாம், பிள்ளையக் கொஞ்சலாம், ஒரே தட்டுல சாப்பிடலாம், டியூட்டிக்கும் போகலாம். தனித் தட்டு, தனி டம்ளர் வச்சுக்கிட்டு மூலையில உக்காந்து அழுத பிள்ளைகள பாத்திருக்கேன். அது தேவையே இல்லம்மா.

வீட்ல சொல்லணுமா? கூட வாழுதவங்ககிட்ட சொல்லுங்க. ஊரு பூரா சொல்ல வேண்டாம், மாமியார்கிட்ட சொல்லணும்னு கட்டாயமும் இல்ல. சின்ன சளி, காய்ச்சல், நெஞ்சு எரிச்சல் வந்தாலும் அதுதான் வந்துருச்சோன்னு மனசு போகும், ராத்திரி பூரா போன்ல தேடத் தோணும். தேடாதீங்க. 1097ல பேசலாம், தூக்கமே இல்லாம போச்சுன்னா மனநல ஆலோசனைக்கு அரசாங்கத்தோட டெலி மானஸ் 14416 இருக்கு. கூட வேல பாக்கவங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன், குத்துப்பட்ட பிள்ளகிட்ட "பாத்து போட மாட்டியா"ன்னு கேக்காதீங்க, அந்த ஒரு பேச்சுக்குப் பயந்துதான் அடுத்த பிள்ள மறைக்கும்.

குத்தாம இருக்க

நெறைய பேருக்கு குத்துதது மூடி போடும்போதுதான். ஒரு கையில சிரிஞ்சு, ஒரு கையில மூடி, ரெண்டையும் நேருக்கு நேரா கொண்டு வாரது. மூடி போடவே கூடாது. வேற வழியே இல்லன்னா மூடிய ட்ரேயில கெடத்தி வச்சுட்டு, ஒரே கையால சிரிஞ்ச புடிச்சு ஊசிய அதுக்குள்ள நொழச்சு தூக்கி, அப்புறம் மூடியோட அடிப்பக்கத்த அழுத்துங்க, இன்னொரு கை கிட்டயே வரப்படாது. ஊசிய கையில இருந்து கைக்கு குடுக்காதீங்க, ட்ரேயில வச்சு எடுத்துக்கச் சொல்லுங்க. ஊசி போட்ட பொறவு மெத்தையில, தலகாணி பக்கத்துல வைக்காதீங்க, ஆச்சிக்கு பெட்ஷீட் மாத்துத பிள்ளைக்குத்தான் அது ஏறும். சுகருக்கு விரல்ல குத்துத லான்செட்ட சின்னதுதானன்னு பஞ்சுக்குள்ள சுருட்டி குப்பையில போடுதாவ, அதுவும் ஊசிதான்.

ஊசி, பிளேடு எல்லாம் வெள்ளக் கலர், குத்தாத பெட்டிக்குள்ள மட்டும். ஊசி இல்லாத சிரிஞ்சு, டியூபு, கிளவுஸ் செவப்புப் பையில. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சப் பையில. கண்ணாடி மருந்துக் குப்பி நீலத்துல. வெள்ளப் பெட்டி முக்காவாசி நெறஞ்சதும் மூடி மாத்திரணும், நெறஞ்ச பெட்டிக்குள்ள கைய வச்சு அமுக்குதத பாத்தா ஒடனே நிறுத்துங்க.

நோயாளி திமிறுதாரு, பிள்ள காலு ஒதைக்கின்னா ஒரு ஆளக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் ஊசி போடணும், ஆள் இல்லன்னா காத்திருங்க. அடுத்த டியூட்டிக்குப் போகும்போது மூணு விஷயம் பாத்துட்டு வாங்க: ஒங்க வார்டுல வெள்ளப் பெட்டி எங்க இருக்கு, நைட்டுல தடுப்பு மருந்து யார்கிட்ட கேக்கணும், ஒங்க டைட்டர் ரிப்போர்ட் வீட்ல எந்த பைல்ல இருக்கு. வார்டு கூட்டுத அக்காவுக்கு தடுப்பூசி போட்டாச்சான்னும் அப்படியே கேட்டுருங்க.